மைனஸ் 60 டிகிரி என்றால், எங்கே வைத்து அளந்தது?

துருவப் பயணங்களைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் ஒரு எண் வந்து விழும். "மைனஸ் 60 டிகிரியில் நடந்தார்கள்" என்பார் ஒருவர். "இல்லை, மைனஸ் 77" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே நாளைத்தான் சொல்கிறார்கள். 1911 ஜூலை 6 அன்று, அண்டார்க்டிகாவின் ராஸ் தீவை ஒட்டிய பனிவெளியில், ராபர்ட் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் என்ற மூன்று பேர் நடுக்குளிர்காலத்தில் பென்குயின் முட்டை தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே எடுத்த அளவு −77.5 ஃபாரன்ஹீட். செல்சியசில் −60.8.

அலகுக் குழப்பம் ஒரு கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். இன்னொரு தவறான எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை. கொடி நடப் போனவர்கள் போகிற போக்கில் தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்து டைரியில் எழுதிவைத்ததுதான் அந்தக் காலத்து வானிலைத் தகவல் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் ஒரு தரப்பு அந்த எண்களை அப்படியே நம்புகிறது. இன்னொரு தரப்பு "நூறு வருஷத்துக்கு முந்தைய அளவுதானே" என்று தள்ளிவிடுகிறது. அந்த எண்களில் எதை நம்பலாம், எதைத் திருத்தி எடுத்துக்கொள்ளவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்று சொல்ல முடியும். அளந்தவர்களே அதற்கான குறிப்புகளை விட்டுப் போயிருக்கிறார்கள்.

காய்ச்சல் சார்ட்

வீட்டில் நெற்றியில் கை வைத்து "அனலாக் கொதிக்கிறது" என்கிறோம். ஆஸ்பத்திரியில் அது செல்லாது. அங்கே நர்ஸ் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வந்து, ஒரே இடத்தில் தெர்மாமீட்டரை வைத்து, நேரத்தோடு எழுதிவிட்டுப் போவார். டாக்டர் வந்ததும் ஒற்றை எண்ணைப் பார்ப்பதில்லை, கோடு எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். நோயாளி சுடச்சுடக் காப்பி குடித்த கையோடு வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் 102 காட்டும். கருவியில் கோளாறு இல்லை. அது காய்ச்சலைச் சொல்லாமல் காப்பியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வானிலை அவதானிப்பு என்பதும் இதுதான். காற்றின் வெப்பநிலை, அழுத்தம், வேகம், திசை, மேகம் ஆகியவற்றை ஒரே முறையில், ஒரே இடத்தில், குறித்த நேரங்களில் அளந்து எழுதுவது. எண்ணோடு நான்கு விவரங்கள் சேர்ந்து வரவேண்டும்: எங்கே, எப்போது, எந்தக் கருவியால், அந்தக் கருவியின் பிழை எவ்வளவு. இந்த நான்கும் இல்லாவிட்டால் அது நெற்றியில் வைத்த கைதான்.

இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வானிலை என்பது இன்று, இந்த நேரத்தில், வெளியே இருக்கும் நிலை. காலநிலை என்பது ஓர் இடத்தில் பல ஆண்டுகளில் வானிலை வழக்கமாக எப்படி இருக்கிறது என்பது. துருவத்துக்குப் போனவர்கள் அளந்தது வானிலையை. காலநிலை தெரியாமல்தான் போனார்கள், ஏனென்றால் அதைச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு முன்னால் யாரும் அங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்திருக்கவில்லை.

தெர்மாமீட்டரை வெளியே வைப்பது எப்படி

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெயிலில் வைத்த தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தைக் காட்டாது. வெயில் பட்டுச் சூடான தன்னுடைய சூட்டையே காட்டும். இதைத் தவிர்க்க 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு பெட்டி வடிவமைத்தார். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் அவர். வெள்ளை அடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் சாய்ந்த பலகை வரிசை, தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி உயரம். காற்று உள்ளே போய்வரும், வெயில் நேரே படாது. இன்றும் வானிலை நிலையங்களில் நிற்கும் அந்த வெள்ளைக் கூண்டுதான் ஸ்டீவன்சன் பெட்டி.

துருவத்தில் இந்தப் பெட்டி படாத பாடு படும். கோடையில் சூரியன் தாழ்வாகவே சுற்றிவரும். கீழிருக்கும் பனி அந்த ஒளியைத் திருப்பி மேலே அடிக்கும். புயலில் மாவு போன்ற பனித்தூள் பலகை இடுக்குகளில் புகுந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். குடிசைக்குப் பக்கத்தில் வைத்தால் அடுப்புச் சூடு கலந்துவிடும். ஆகவே தள்ளி வைக்கவேண்டும். தள்ளி வைத்தால், இருட்டில், புயலில், யாராவது அதுவரை நடந்து போய்ப் பார்க்கவேண்டும்.

அடுத்த தொல்லை பாதரசம். −39 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதரசம் உறைந்து கட்டியாகிவிடும். அதற்குக் கீழே சாராயம் நிரப்பிய தெர்மாமீட்டர்தான் உதவும். ஆனால் சாராயம் கண்ணாடிக் குழாயின் சுவரில் ஒட்டும். கொஞ்சம் ஆவியாகி மேல்முனையில் போய்த் தங்கும். இதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே நல்ல பயணக்குழுக்கள் கிளம்பும் முன்பே கருவிகளைப் பரிசோதனைக்கு அனுப்பும். பிரிட்டிஷ் குழுக்களுக்கு லண்டனை ஒட்டிய கியூ சோதனைக்கூடம். அங்கே தரமான கருவியோடு ஒப்பிட்டு, இந்த எண் வந்தால் இவ்வளவு கூட்டு, அந்த எண் வந்தால் இவ்வளவு கழி என்று சான்றிதழ் தருவார்கள். இப்படிக் கூட்டிக் கழிப்பதற்குத் திருத்தம் என்று பெயர். பிழையே இல்லாத கருவி எங்கும் கிடையாது. பிழை எவ்வளவு என்று தெரிந்த கருவி கிடைத்தால் போதும்.

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டருக்கு இந்தத் தலைவலி குறைவு. குடிசைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே பாரோமீட்டரைச் சூடான அறைக்குள் மாட்டிவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். பழைய துருவப் பதிவுகளில் அழுத்த எண்கள்தான் அதிகம் நம்பத்தக்கவையாக இருக்கின்றன. கருவியைக் குளிரில் விட்டுவைக்க வேண்டியிருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

இதுவரை சொன்னதன் சாரம்: வெப்பநிலை எண்ணைப் பார்த்தால் எங்கே வைத்தது, எந்தத் திரவம், திருத்தம் செய்தாயிற்றா என்று கேட்கவேண்டும். அழுத்த எண்ணுக்கு இவ்வளவு கேள்வி வேண்டாம்.

சிம்லாவிலிருந்து போன ஆள்

ராபர்ட் ஸ்காட்டின் இரண்டாவது அண்டார்க்டிகப் பயணம் (1910–13) தென் துருவப் போட்டிக்காகவும், துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டும் நான்கு தோழர்களும் இறந்த சோக முடிவுக்காகவுமே நினைக்கப்படுகிறது. அந்தக் குழுவின் வானிலை ஆய்வாளர் ஜார்ஜ் சிம்ப்சன், இந்திய வானிலைத் துறையின் சிம்லா அலுவலகத்திலிருந்து போனவர். அங்கே அவருடைய மேலதிகாரி கில்பர்ட் வாக்கர். நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உலகம் முழுவதும் உள்ள அழுத்த எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த அதே வாக்கர்தான்.

ராஸ் தீவின் கேப் எவன்ஸ் குடிசையில் ஒரு மூலையே சிம்ப்சனின் கருவிகளுக்கு. மேலே கூரை வழியாக, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியின் குழாய் வெளியே போகும். கீழே பேனா தானாகக் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மேட்டில் காற்றின் திசையைக் காட்டும் கருவியும் பெட்டியும். இவை போதாதென்று, சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களில் கூடுதல் பெட்டிகள் வைத்து அவற்றுக்கு ஆர்ச்சிபால்ட், பெர்ட்ராம், கிளாரன்ஸ் என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். குளிர்காலத்தில் நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பவர்கள் பெட்டிக்கும் பேர் வைப்பார்கள்தான்.

அந்தப் பெட்டிகளால் ஒரு ஆள் செத்திருப்பார். 1911 ஜூலை 4 மாலை, பனிப்புயல் கொஞ்சம் தணிந்ததுபோலத் தெரிந்தது. டாக்டர் அட்கின்சன் வடக்கு விரிகுடாவில் உறைந்த கடல்மேல் வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். அதிக தூரம் இல்லை. ஆனால் காற்று திரும்பவும் எழுந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் வெள்ளை இருட்டு. வழி தப்பிப் பல மணி நேரம் சுற்றினார். தேடுவதற்குக் குழு குழுவாக ஆட்கள் போனார்கள். வழிகாட்டத் தீ மூட்டினார்கள். நள்ளிரவை ஒட்டித்தான் திரும்பினார், ஒரு கை விரல்களெல்லாம் பெரிய பெரிய கொப்புளங்களோடு. ஒரு தெர்மாமீட்டரைப் பார்த்து வருவதற்குக் கொடுத்த விலை இது.

சிம்ப்சனுக்குத் தரையில் அளப்பது போதவில்லை. மேலே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும். ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் இரண்டு மூன்று அவுன்ஸ் எடையுள்ள ஒரு கருவியைக் கட்டி அனுப்பினார். மேலே போகப் போக வெப்பநிலையும் அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்று அது தானாகவே கீறிக்கொள்ளும். மெல்ல எரியும் திரி ஒன்று, குறித்த நேரத்தில் கருவியைப் பலூனிலிருந்து விடுவிக்கும். கருவி எங்கேயோ போய் விழும். அதைக் கண்டுபிடிப்பதற்காகக் கூடவே மைல்கணக்கில் கறுப்புப் பட்டு நூல். நூலைப் பிடித்துக்கொண்டே பனியில் நடந்து போய் எடுத்து வரவேண்டும். நூல் அறுந்தால் போயிற்று. எரிபஸ் எரிமலையின் புகைகூட அவருக்குக் கருவிதான்: ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது சும்மாவே காட்டியது.

இறங்கினால் ஏன் குளிர் கூடியது

மலை ஏறினால் குளிரும், இறங்கினால் சூடு ஏறும். இதுதான் நமக்குத் தெரிந்த உலகம். ஸ்காட் தன் கடைசிச் செய்தியில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறார். துருவப் பீடபூமியில் −20, −30 ஃபாரன்ஹீட் இருந்தது (−29, −34 செல்சியஸ்). அங்கிருந்து 10,000 அடி இறங்கி ராஸ் பனித்தட்டுக்கு வந்தபோது பகலில் −30, இரவில் −47 ஃபாரன்ஹீட் (−34, −44 செல்சியஸ்). உலகத்தில் யாருமே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்று எழுதினார். பனித்தட்டு என்பது நிலத்திலிருந்து வழிந்து வந்து கடல்மேல் மிதக்கும் மாபெரும் பனிப்பலகை. தரைமட்டமாக, கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளம்.

காரணத்தில் பாதி, பருவம். பீடபூமியில் அவர்கள் நின்றது கோடையில். கீழே வந்தது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், அதாவது இலையுதிர் காலத்தில். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுபாதிதான் சுவாரசியமானது. வெப்பமான ஊர்களில் வெயில் தரையைச் சூடாக்கும். தரை, தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்கும். ஆகவே கீழே சூடு, மேலே குளிர். பனி அப்படியல்ல. விழுகிற வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதே சமயம் தன்னிடம் உள்ள வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகமில்லாத நீண்ட இரவில் அந்த இழப்பை ஈடுகட்ட எதுவும் இல்லை. பனியின் மேற்பரப்பு குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மேலே எழாது, அங்கேயே படிந்து கிடக்கும். சில நூறு மீட்டர் மேலே போனால் அதைவிட வெதுவெதுப்பான காற்று இருக்கும். கீழே குளிரும் மேலே சூடுமாக வழக்கத்துக்கு எதிராக அடுக்கி இருக்கும் இந்த நிலைக்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர். சிம்ப்சனின் பலூன்கள் இதைத்தான் கண்டன.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ஒன்று, தெர்மாமீட்டரின் உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது. இப்படி அடுக்கிய காற்றில், பனிமேல் கிடத்திய தெர்மாமீட்டரும் நான்கு அடி உயரப் பெட்டியில் இருப்பதும் பல டிகிரி வித்தியாசம் காட்டலாம். இரண்டும் சரியான எண்களே. ஆனால் வேறு வேறு இடத்தின் எண்கள்.

இரண்டாவது, −60.8 வந்த இடம். பென்குயின் முட்டைக்குப் போன மூவரும் கேப் எவன்ஸிலிருந்து கேப் குரோசியருக்குப் போகும் வழியில், மலைகளால் மறைக்கப்பட்ட ஒரு வளைவைக் கடந்தார்கள். அங்கே காற்றே இல்லை. பனி மிருதுவாக, ஆழமாகக் கிடந்தது. காற்றில்லா வளைவு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் வரைபடத்தில் அந்தப் பெயர்தான். கலக்கிவிட ஆளில்லாததால் குளிர்காற்று அங்கே தேங்கியது. ஆகவே −60.8 என்பது "அன்றைக்கு அண்டார்க்டிகாவில் இருந்த குளிர்" அல்ல. அது அந்த ஒரு பள்ளத்தின் குளிர். குடிசையில் இருந்தவர்கள் அதே நாட்களில் அதைவிட எவ்வளவோ மிதமான எண்களைத்தான் பதிந்தார்கள்.

மூன்றாவதுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. பனிப்புயல் வந்தால் தெர்மாமீட்டர் ஏறும்! காற்று பலமாக அடித்தால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே இறங்கிக் கலந்துவிடும். கேப் எவன்ஸ் பதிவுகளில் புயலோடு வெப்பநிலை உயர்வது வழக்கமான காட்சி. ஆனால் வெளியே நிற்கும் மனிதனுக்கு இது எந்த விதத்திலும் ஆறுதல் இல்லை. உடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சூடான காற்றைப் புயல் அள்ளிக்கொண்டு போய்விடுவதால் உடல் இன்னும் வேகமாக வெப்பத்தை இழக்கும். இந்த இழப்பைக் கணக்கிட்டு "இவ்வளவு குளிர்போல உணரும்" என்று சொல்வதுதான் காற்றுக் குளிர்வு. தெர்மாமீட்டருக்கு இது தெரியாது. இதை முறையாக அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் உள்ள தண்ணீர் வெவ்வேறு காற்றுவேகத்தில் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். ஸ்காட் காலத்துக் குறிப்பேடுகளில் காற்றுக் குளிர்வு எண் இருக்க வாய்ப்பே இல்லை. யாராவது அப்படி ஒரு எண்ணைச் சொன்னால், அது பிற்காலத்தில் போட்ட கணக்கு.

சுருக்கமாக: பனிமேல் அமைதியான வானம் இருந்தால் கடுங்குளிர், காற்று அடித்தால் தெர்மாமீட்டர் ஏறும், மனிதன் நடுங்குவான்.

சரிவில் வழியும் காற்று

இந்தக் கனத்த குளிர்காற்று சமதளத்தில் இருந்தால் தேங்கும். சரிவில் இருந்தால் தன் எடையாலேயே கீழே வழியும். அண்டார்க்டிகாவின் உட்பகுதி உயர்ந்த பனிமேடு. அங்கிருந்து கடலோரம்வரை சரிவு. அந்தச் சரிவில் வழிந்து வரும் காற்றைச் சரிவுக்காற்று எனலாம். பள்ளத்தாக்குபோலக் குவியும் இடங்களில் அது மூர்க்கமாகிவிடும்.

டக்ளஸ் மாசனின் ஆஸ்திரேலியக் குழு 1912 தொடக்கத்தில் குடிசை போட்ட கேப் டெனிசன் அப்படிப்பட்ட இடம் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. வந்து இறங்கிய அன்று காற்று அமைதியாக இருந்ததாம். பிறகு ஆண்டு முழுவதற்குமான சராசரியே மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். புயல் நேரத்து வேகத்தைச் சொல்லவில்லை, சராசரியையே சொல்கிறேன். வானிலைப் பொறுப்பில் இருந்த செசில் மாடிகன் குடிசைக்கு வெளியே மேட்டில் இருந்த காற்றுமானிக்குக் காகிதம் மாற்றப் போகவேண்டும். காலணியில் இரும்பு முள், உடல் காற்றின்மேல் சாய்ந்தபடி.

திருத்தம் என்ற விஷயம் இங்கே திரும்பவும் வருகிறது. அந்தக் காலத்துக் காற்றுமானி, நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் வகை. அதைக் கண்டுபிடித்த ராபின்சன், காற்று கிண்ணத்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போகிறது என்று கருதியிருந்தார். பின்னாளில் சோதித்தபோது அது மிகை என்று தெரிந்தது. ஆகவே பழைய காற்றுவேக எண்கள் பல உண்மையைவிடக் கூடுதலானவை. சுற்று எண்ணிக்கையையும், எந்தப் பெருக்கத்தைப் பயன்படுத்தினோம் என்பதையும் எழுதிவைத்திருந்தால் இன்று உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். வெறும் "பயங்கரக் காற்று" என்று எழுதியிருந்தால் ஒன்றும் செய்யமுடியாது.

ஒரு சார்ட் போதாது

ஒரே இடத்தில் எவ்வளவு ஒழுங்காக அளந்தாலும் புயல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தெரியாது. அதற்குப் பல இடங்களில், ஒரே காலத்தில், ஒரே முறையில் அளக்கவேண்டும். இதை உரக்கச் சொன்னவர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட். 1872–74இல் ஆர்க்டிக் பனியில் கப்பலோடு சிக்கி, ஃபிரான்ஸ் ஜோசப் நிலத்தைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர்களில் ஒருவர். புதிய தீவுக்குப் பெயர் சூட்டிப் பெருமை பெற்ற மனிதரே 1875இல், தீவு தேடும் போட்டியால் அறிவியலுக்குப் பெரிய லாபமில்லை, நாடுகள் சேர்ந்து ஒரே காலத்தில் துருவத்தைச் சுற்றி அவதானிக்கவேண்டும் என்று சொன்னார். என் பார்வையில் துருவ வரலாற்றில் எந்தக் கொடியையும்விட இந்தப் பேச்சு பெரியது. 1881இல் அவர் காசநோயில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவர் கேட்டது நடந்தது: 1882–83, முதல் சர்வதேசத் துருவ ஆண்டு. பன்னிரண்டு நாடுகள் நிலையங்கள் அமைத்து மணிக்கு மணி அளந்தன.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. டச்சுக்காரர்களின் கப்பல் காரா கடல் பனியில் சிக்கிக்கொண்டது. போகவேண்டிய இடத்துக்குப் போகாமலே, சிக்கிய இடத்தில் கருவிகளை வைத்து அளந்தார்கள். அமெரிக்காவின் அடால்ஃபஸ் கிரீலி குழு, 25 பேர், எல்ஸ்மியர் தீவில் இருந்தது. மீட்புக் கப்பல் வரவில்லை. 1883 ஆகஸ்டில் நிலையத்தைவிட்டுக் கிளம்பும்போது பதிவேடுகளையும் தூக்கிக்கொண்டு தெற்கே வந்தார்கள். அடுத்த ஜூனில் மீட்பவர்கள் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் வழியில் இறந்தார். அதற்கு முன்பே இறந்த பதினெட்டுப் பேரில் பெரும்பாலானவர்கள் பட்டினியில் போனவர்கள். பதிவேடுகள் மட்டும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன, அச்சாயின.

தெற்கே இப்படித் தொடர்ந்து அளந்த முதல் நிலையம் தெற்கு ஆர்க்னி தீவுகளின் லாரி தீவில் இருக்கிறது. 1903இல் வில்லியம் புரூஸின் ஸ்காட்லாந்துக் குழு கல்லால் கட்டியது. வானிலைப் பொறுப்பு ராபர்ட் மாஸ்மன் என்பவருக்கு. பென் நெவிஸ் மலையுச்சி நிலையத்தில் பழகிய ஆள். அடுத்த ஆண்டு புரூஸ் அதை அர்ஜென்டினாவிடம் ஒப்படைத்தார். ஓர்காதாஸ் என்ற பெயரில் இன்றும் அங்கே அளக்கிறார்கள். அண்டார்க்டிகப் பகுதியில் இவ்வளவு நீளமான தொடர்பதிவு வேறு இல்லை.

நூறு ஆண்டு கழித்து அந்த எண்கள் என்ன ஆயின

1912இல் சிம்லா அலுவலகம் திரும்ப அழைத்ததால் சிம்ப்சன் பாதியில் ஊர் திரும்பினார். அளவுகளைக் குழுவின் இயற்பியலாளர் சார்லஸ் ரைட் தொடர்ந்தார். அந்தப் பதிவுகளின் ஆய்வுத் தொகுதி 1919இல் அச்சானது கல்கத்தாவில்.

அவை அலமாரியில் தூங்கவில்லை. பழைய கப்பல் பதிவேடுகளிலும் நிலையப் பதிவேடுகளிலும் உள்ள அழுத்த எண்களைக் கணினியில் ஏற்றி, இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு அன்றைய உலக வானிலை முழுவதையும் மீட்டு வரைகிறார்கள். இதற்கு மறுபகுப்பாய்வு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகும் ஒரு முக்கிய மறுபகுப்பாய்வு, வளிமண்டலத்திலிருந்து எடுத்துக்கொள்வது தரைமட்ட அழுத்தத்தை மட்டும்தான். அறைக்குள் மாட்டிவைத்துப் படித்த பாரோமீட்டருக்கு வந்த வாழ்வு! இப்படிப்பட்ட ஆய்வுகளும் அன்றைய பதிவுகளும் சேர்ந்து, போட்டியில் முதலில் துருவத்தை எட்டிய நார்வேக்காரர் அமுண்ட்சனும் ஸ்காட்டும் துருவத்துக்குப் போன 1911–12 கோடை அந்தப் பகுதியில் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பானது என்று காட்டுகின்றன.

அதன் பின் வந்த மார்ச் மாதம் நேர் எதிர். ஸ்காட்டின் நடைக்குழுவில் வானிலை அளந்தவர் பவர்ஸ். கையில் பிடித்துச் சுழற்றும் தெர்மாமீட்டர் அவருடையது. சுழற்றும்போது புதுக்காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் உடல்சூடும் வெயில்சூடும் கலப்பது குறையும். கண்டிப்பான மனிதர். துருவத்துக்குப் போகும் வழியில், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைக்கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவியின் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு ஸ்காட்டிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

1980களிலிருந்து ஸ்காட் திரும்பிய பாதையை ஒட்டித் தானியங்கி வானிலை நிலையங்கள் நிற்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமனும் அவருடைய சகாவும் அந்த எண்களோடு 1912ஆம் ஆண்டு எண்களை ஒப்பிட்டு 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வாரம், அநேகமாக ஒவ்வொரு நாளும், குறைந்தபட்ச வெப்பநிலை வழக்கத்தைவிட 10 முதல் 20 ஃபாரன்ஹீட் குறைவாக இருந்திருக்கிறது. காற்று ஓய்ந்திருந்ததால் குளிர் படிந்து தேங்கிவிட்டது. மேலே பார்த்த அதே தலைகீழாக்கம்தான். அவ்வளவு குளிரில், அவர்கள் இழுத்த சறுக்குவண்டியின் சட்டத்துக்கு அடியில் பனி உருகி வழுக்காது. மணலில் இழுக்கும் பாரம் ஆகிவிடும். பத்தில் ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று சிம்ப்சன் முன்பே சொல்லியிருந்த கருத்தோடு இது ஒத்துப்போகிறது.

கடைசிப் புயலைப் பற்றித்தான் வழக்கு தீரவில்லை. 21ஆம் தேதியிலிருந்து இடைவிடாத பெருங்காற்று என்று ஸ்காட் மார்ச் 29 அன்று எழுதினார். அந்த நாட்களுக்குக் கூடாரத்தில் கருவியால் எடுத்த அளவு எதுவும் இல்லை, அந்த வாக்கியங்கள் மட்டும்தான். அந்தப் பகுதியில் புயல்கள் வழக்கமாக அவ்வளவு நாள் நீடிப்பதில்லை என்று தானியங்கி நிலையங்களின் பதிவைக் காட்டி சாலமன் சந்தேகம் எழுப்பினார். அந்த மார்ச்சே விதிவிலக்கான மார்ச்சாக இருக்கும்போது வழக்கத்தை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.